100 ஆண்டு வெள்ளம் வந்துபோனால் அச்சம் தீர்ந்ததா?

கேள்வி: 2015-இல் அடையாறு பெருகி, எங்கள் முடிச்சூரில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. அது 100 ஆண்டு வெள்ளம், இனி நம் காலத்தில் வராது என்கிறார்களே, சரியா?

பதில்: சரியன்று. எந்த ஓர் ஆண்டிலும் அந்த அளவு வெள்ளம் வர 1 சதவீத வாய்ப்பு உண்டு என்பதே அத்தொடரின் பொருள். 30 ஆண்டுகள் ஒரே வீட்டில் குடியிருப்பவர் அதை ஒருமுறையேனும் சந்திக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 26 சதவீதம். அந்தக் கணக்கும் நிலையானதன்று: ஏரி தூர்ந்தாலோ, சாலை உயர்ந்தாலோ, வீட்டுமனைகள் பெருகினாலோ நீரின் போக்கு மாறிவிடுவதால், ஆற்றின் அகலத்தையும் ஆழத்தையும் தரைமட்டத்தையும் மீண்டும் அளந்து, வெள்ளம் எங்கெங்கே எட்டும் எனக் காட்டும் வரைபடத்தைத் திருத்த வேண்டும். திருத்திய வரைபடம் அலுவலக அலமாரியில் உறங்கினால் யாருக்குப் பயன்? 2015-இல் நீர் எட்டிய உயரத்தைத் தெருமுனை மின்கம்பத்தில் கோடாக வரைந்து வைத்தால், சதவீதக் கணக்கு பிடிபடாதவர்க்கும் அபாயம் விளங்கும்.