மாதவிடாய் நின்ற பின் எலும்பு: வாசகியர் கேள்விகளுக்கு மகளிர் நல மருத்துவரின் பதில்கள்

கேள்வி: வயது 51. மாதவிடாய் நின்று இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. முழங்கால் வலிக்கிறது. இது எலும்புத் தேய்மானமா?

பதில்: ‘தேய்மானம்’ என்ற ஒரே சொல் நம்மிடையே இரண்டு நோய்களுக்கு வழங்குவதால் வரும் குழப்பம் இது. முழங்காலில் தேய்வது மூட்டின் குருத்தெலும்பு, அது வலிக்கும். மாதவிடாய் நின்றபின் குறைவது எலும்பின் அடர்த்தி; எலும்பு முறியும் வரை அது பெரும்பாலும் வலிப்பதில்லை. வலியைக் கொண்டு இதை அளக்க முடியாது.

கேள்வி: மாதவிடாய்க்கும் எலும்புக்கும் என்ன தொடர்பு?

பதில்: பழைய எலும்பைக் கரைக்கும் செல்களும் புதிய எலும்பைக் கட்டும் செல்களும் நம் உடலில் ஆயுள் முழுவதும் வேலை செய்கின்றன. கரைக்கும் செல்களுக்குக் கடிவாளமாக இருப்பது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன். சினைப்பை அதைச் சுரப்பது குறைந்ததும் கரைப்பு முந்திக்கொள்கிறது. கட்டும் வேலை ஈடுகொடுப்பதில்லை. கடைசி மாதவிடாய்க்கு ஓராண்டு முன்பே இந்தச் சரிவு தொடங்கி, அடுத்த சில ஆண்டுகளில் வேகமாக நடக்கிறது. மாதவிடாய் நின்ற முதல் ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் சிலருக்கு எலும்பு அடர்த்தியில் 20 விழுக்காடு வரை குறையக்கூடும்.

பஞ்சு போன்ற உள்ளமைப்புடைய எலும்பு முதலில் பாதிக்கப்படுவதால், முதுகு முள்ளெலும்பும் மணிக்கட்டும் முன்னதாக முறிகின்றன. ஆண்டுக்கணக்கில் உடுத்திய உள்பாவாடை திடீரென்று தரையில் புரள்வதாகச் சிரித்தபடி சொன்ன ஓர் அம்மையாருக்கு, எக்ஸ்ரேயில் இரண்டு முள்ளெலும்புகள் நசுங்கியிருந்தன; உயரம் குறைந்ததால்தான் பாவாடை புரண்டது. அவருக்கு முதுகுவலியே இருந்ததில்லை.

கேள்வி: 38 வயதில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். எனக்கும் இது பொருந்துமா?

பதில்: சினைப்பைகளையும் எடுத்தார்களா என்பதே முக்கியம், டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடிப் பாருங்கள். இரண்டையும் எடுத்திருந்தால் ஈஸ்ட்ரோஜன் ஒரே நாளில் வீழ்ந்திருக்கும். மருத்துவரிடம் இப்போதே பேசுங்கள். விட்டுவைத்திருந்தால் உதிரப்போக்கு மட்டுமே நின்றிருக்கும், சுரப்பு தொடரும்.

கேள்வி: இலவச முகாமில் குதிகாலை ஒரு கருவியில் வைத்து, எலும்பு பலவீனம் என்றார்கள். மாத்திரை தொடங்கலாமா?

பதில்: அதை மட்டும் நம்பித் தொடங்க வேண்டாம். இடுப்பிலும் கீழ்முதுகிலும் எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுங்கள். அதில் டி ஸ்கோர், அதாவது இளம் வயதினரின் எலும்போடு உங்கள் எலும்பை ஒப்பிடும் எண், மைனஸ் 1 அல்லது அதற்கு மேல் என்றால் இயல்பு, மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழ் என்றால் எலும்புப்புரை, அதாவது எளிதில் முறியும் அளவுக்கு அடர்த்தி குறைந்த நிலை. இடைப்பட்டவர்களுக்கு வயது, முந்தைய முறிவு, ஸ்டீராய்டு மாத்திரைப் பழக்கம் ஆகியவற்றைப் பார்த்தே முடிவு செய்கிறோம்.

கேள்வி: தினமும் கேழ்வரகுக் கூழ் குடிக்கிறேன். போதாதா?

பதில்: நல்ல பழக்கம், விடாதீர்கள். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. மாதவிடாய் நின்றவர்களுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பரிந்துரைப்பது நாளொன்றுக்கு 1200 மில்லிகிராம். மீதிக்குப் பால், தயிர், கீரை, எள், சிறுமீன் வேண்டும். வைட்டமின் டி-யும் வேண்டும். ஆனால் கால்சியம் என்பது செங்கல் மட்டுமே, ஈஸ்ட்ரோஜன் போன இடத்தை அது நிரப்பாது. வேக நடையும், எடை தூக்கும் பயிற்சியும் சேரட்டும்.

கேள்வி: அம்மாவுக்கு எலும்புப்புரைக்காக வாரம் ஒரு அலெண்ட்ரோனேட் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். காலைக் காபியோடு விழுங்கிவிட்டுப் படுத்துக்கொள்கிறார். சரியா?

பதில்: இரண்டுமே தவறு. காபியோடு சென்றால் மருந்து சரியாக உடலில் சேராது. படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீருடன் விழுங்கி, அரை மணி நேரமாவது நிமிர்ந்து உட்கார்ந்தோ நடந்தோ இருக்கட்டும். காபி அதற்குப் பிறகு.