டிரோனையே அழித்துவிடும் அடாப்டிவ் ரேடார்

கேள்வி: சித்தூரில் எம்.டெக். படிக்கிறேன். 3 கிகாஹெர்ட்ஸில் 16 சானல் ரேடார் செய்திருக்கிறோம். ஆன்டெனாக்கள் ஒரே வரிசையில், அரை அலைநீள இடைவெளியில். சிமுலேஷனில் அடாப்டிவ் பீம் (வரும் டேட்டாவைப் பார்த்துத் தானே குறுக்கீட்டை அமுக்கும் முறை) அருமையாக வருகிறது. மாந்தோப்புக்கு மேல் டிரோனைப் பறக்கவிட்டால், சாதாரண பீமில் தெரிவது அடாப்டிவில் காணாமல் போகிறது. ஏன்?

பதில்: புரோகிராமைக் குறை சொல்லாதீர்கள். நீங்கள் கொடுத்த ஸ்டியரிங் வெக்டாருக்கு, அதாவது டிரோன் திசையிலிருந்து வரும் சிக்னல் ஒவ்வொரு ஆன்டெனாவிலும் எப்படி இருக்கும் என்ற எதிர்பார்ப்புக்கு, பொருந்துவதை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அது அமுக்கும். கேபிள் நீள வித்தியாசம், பக்கத்து ஆன்டெனாவின் பாதிப்பு எல்லாம் சேர்ந்து டிரோன் சிக்னலைக் கொஞ்சம் விலக்கிவிடுகின்றன. உடனே அதுவும் குறுக்கீடாகிவிடுகிறது. டிரோனின் எதிரொலி வலுவாக இருந்தால் இன்னும் மோசம். உண்மையான குறுக்கீட்டை நேரடியாக டேட்டாவிலிருந்தே கற்றுக்கொள்வதால், இந்தப் பிழையிலும் அதை புரோகிராம் ஓரளவு நன்றாகவே அழித்துவிடும். அடிபடுவது டிரோன்தான்.

முதலில், கோவேரியன்ஸ் (சானல்களின் சிக்னல்கள் ஒன்றோடொன்று எப்படித் தொடர்புடையவை என்ற அளவு) கணக்கிடும் டேட்டாவிலிருந்து டிரோன் இருக்கும் தூரக் கட்டத்தையும் (ரேடார் தூரத்தைப் பிரிக்கும் சிறு துண்டு) அதன் இருபுறமும் சில கட்டங்களையும் நீக்கிப் பாருங்கள். டிரோன் திரும்பத் தெரிந்தால் காரணம் இதுதான். மிச்சக் கட்டங்களையும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்காதீர்கள். 16 சானலுக்குக் குறைந்தது 32 கட்டங்கள் இருந்தால்தான் சிக்னல்-குறுக்கீடு விகிதத்தில் சராசரி இழப்பு சுமார் 3 டெசிபலில் நிற்கும்; 1974-இல் ரீட், மாலட், பிரென்னன் என்ற ஆய்வாளர்கள் காட்டிய கணக்கு அது. ஆனால் அவை ஒரே மாதிரி நிலத்திலிருந்து வர வேண்டும். உங்கள் பக்கத்தில் தோப்பு முடிந்ததும் பாறைக்குன்று எழும்பிவிடும். இரண்டையும் கலந்தால் எண்ணிக்கை கூடும், பயன் கூடாது.

கட்டங்கள் போதவில்லையா? டயகனல் லோடிங் சேருங்கள்; அதாவது கோவேரியன்ஸ் அணியின் மூலைவிட்டத்தில் ஒரு நிலையான எண்ணைக் கூட்டுங்கள். இரைச்சல் சக்தியைப் போல் சுமார் 10 மடங்கில் தொடங்கலாம். அப்புறம் தேவைப்படும் கட்டங்கள் ஏறக்குறைய வலுவான குறுக்கீடுகளின் எண்ணிக்கையைப் போல இரண்டு மடங்குக்கு இறங்கிவிடும். ஸ்டியரிங் பிழையையும் ஓரளவு தாங்கும். பலவீனமான குறுக்கீடு கொஞ்சம் தப்பும், பரவாயில்லை.

கேலிப்ரேஷனை (சானல்களின் வித்தியாசத்தை அளந்து திருத்துவதை) தள்ளிப்போடாதீர்கள். தெரிந்த திசையில் ஒரு சிறு டிரான்ஸ்மிட்டரை வைத்து ஒவ்வொரு சானலின் ஃபேஸையும் அளந்து திருத்துங்கள். டிரான்ஸ்மிட்டரின் அலை கிட்டத்தட்டத் தட்டையாக வந்து சேரும் தூரத்தைச் சொல்லும் வழக்கமான தொலைபுல சூத்திரப்படி, உங்கள் வரிசைக்குச் சுமார் 11 மீட்டரே போதும் என்று வரும். அதை நம்பாதீர்கள்; அந்தத் தூரத்தில் ஓர ஆன்டெனாக்களில் 22.5 டிகிரி ஃபேஸ் பிழை மிச்சமிருக்கும். 110 மீட்டருக்குப் போனால் அது 2 டிகிரி சுற்றில் வந்துவிடும். குன்றிலிருந்தும் தரையிலிருந்தும் எதிரொலி குறைவாக வரும்படி, உயரமான கம்பத்தில் கட்டி, நேர்ப்பார்வையில் வையுங்கள்.