குழந்தைகள் உடையில் ஸ்கிரீன் பிரிண்ட் செய்ய, மை விற்றவர் தரும் சான்றிதழ் மட்டும் போதுமா?

போதாது. கடை சிறியது, அமெரிக்காவுக்குப் போகும் குழந்தை உடைக்கு இதுதான் முதல் ஆர்டர், மை டப்பாவோடு வந்த சான்றிதழை ஃபைலில் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். நானும் அப்படித்தான் இருந்தேன்.

எனக்கு வந்தது ஒரு வயதுக் குழந்தைகளின் இரவு உடை. நெஞ்சில் சிவப்பு யானை. தாலேட் (பிளாஸ்டிக்கை இளக வைக்கும் வேதிப்பொருள்) இல்லாத பிளாஸ்டிசால், அதாவது சூட்டில் இறுகும் பிளாஸ்டிக் மையாகத் தேடித்தான் வாங்கினேன். ஆய்வக அறிக்கையில் வெள்ளையும் கறுப்பும் தேறிவிட்டன. சிவப்பு மட்டும் தோற்றது. மை விற்றவரைத் தொலைபேசியில் பிடித்து, இன்று நினைத்தாலும் கூசுகிற வார்த்தைகளால் திட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்: "சிவப்பில் வேறு ஏதாவது கலந்தீர்களா?"

கலந்திருந்தேன். வாடிக்கையாளர் கொடுத்த துணித்துண்டின் நிறம் வரவில்லை என்று, அலமாரியில் கிடந்த பழைய சிவப்பில் ஒரு கரண்டி எடுத்துப் போட்டேன். கடைப் பையன் இல்லை, நானேதான். அந்தப் பழைய மையை இளக்கமாக வைத்திருந்ததே தாலேட். அதன் எடையில் 30 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோ புது மையில் 4 கிராம் விழுந்தாலே அமெரிக்க விதியின் 0.1 சதவீத வரம்பு தாண்டிவிடும். சரியாகத் துடைக்காத ஸ்குவீஜியில் (ஸ்கிரீனில் மையை இழுக்கும் ரப்பர் பட்டையில்) அவ்வளவு ஒட்டியிருக்கும். நான் போட்டதோ ஒரு கரண்டி.

"அமெரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பொருள் பாதுகாப்பு மேம்பாட்டுச் சட்டத்தின் விதிகளிலேயே, மையைத் தனியாகச் சோதித்த அறிக்கையை நம்பலாம் என்று இருக்கிறதே" என்று யாராவது பின்னூட்டத்தில் வருவார்கள். நம்பலாம், அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் அறிக்கையாக இருந்து, சோதனைக்குப் பிறகு அந்த மையில் எதுவும் சேராதவரை. பகலில் போடும் சாதாரண டி-ஷர்ட்டுக்குத் தாலேட் தடை பொருந்தாது என்பதும் எனக்குத் தெரியும். மூன்று வயது வரையிலான குழந்தைகளின் இரவு உடைக்குப் பொருந்தும். ஈய வரம்போ 12 வயது வரை எல்லா உடைக்கும் உண்டு: பத்து லட்சத்தில் 100 பங்கு. சாயமேற்றிய பருத்தித் துணிக்கு ஈயச் சோதனையிலிருந்து விலக்கு இருக்கிறது. அதன்மேல் நாம் அடிக்கும் பிரிண்ட்டுக்கு அந்த விலக்கு இல்லை. இந்த இரண்டாம் பாதியைப் படிக்காமல்தான் பலர் வாதாடுகிறார்கள்.

நிறம் வரவில்லை என்று பழைய மையைக் கலந்த கதையைச் சொன்னதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. அன்றைக்காவது கையில் ஒரு துணித்துண்டு இருந்தது. இப்போது வாட்ஸ்அப்பில் மங்கிய படம் ஒன்றை அனுப்பி, "இதே சிவப்பு வேண்டும்" என்கிறார்கள். எந்தச் சிவப்பு? உங்கள் திரையில் தெரிவதா, என் திரையில் தெரிவதா? கேட்டால், "நீங்கள்தானே தொழில் தெரிந்தவர்" என்கிறார்கள். இதில் பணத்துக்கும் மூன்று மாதம் இழுத்தடிப்பு.

இப்போது குழந்தை வேலைக்குத் தனி ஸ்கிரீன், தனி ஸ்குவீஜி, தனிக் கரண்டி. கைப்பிடிகளில் பச்சை டேப் சுற்றியிருக்கிறேன். எந்த ஆர்டருக்கு எந்த டப்பா என்று அதன் லாட் எண்ணை (தயாரிப்புத் தொகுதியின் எண்ணை) நோட்டில் எழுதிவைக்கிறேன். பழைய சிவப்பை மட்டும் தூக்கி எறிய மனம் வரவில்லை. பெரியவர்கள் பனியனுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது, திட்டுவதென்றால் திட்டுங்கள்.