தாடை நீர்க்கட்டியை உடனே அறுத்து எடுக்காமல் ஏன் டியூப் வைக்கிறார்கள்?

தாடை எலும்புக்குள் நீர் நிறைந்த பை வளர்வதுதான் நீர்க்கட்டி. பைக்குள் அடர்த்தி அதிகம் என்பதால் சுற்றிலுமுள்ள நீரை அது உள்ளே இழுக்கும். அழுத்தம் ஏற ஏற எலும்பு கரையும். பெரிய கட்டியை ஒரேயடியாகச் சுரண்டினால் கீழ் உதட்டுக்குப் போகும் நரம்பு பாதிக்கலாம், மெலிந்த தாடை முறியவும் கூடும்.

ஏரி தளும்பும்போது கரையை உடைப்போமா? மதகைத்தான் திறப்போம். டியூப் அந்த மதகு. ஈறு வழியாகத் துளையிட்டு, சிறு பிளாஸ்டிக் குழாயைத் தையல் போட்டு நிறுத்துவார்கள். அழுத்தம் இறங்கியதும் ஓரத்திலிருந்து புது எலும்பு வளரும். ஆறு மாதம், ஒரு வருடம்கூட ஆகும். சுருங்கி மிஞ்சியதைப் பிறகு எடுப்பார்கள்.

பாதி வேலை வீட்டில்தான். டாக்டர் தந்த உப்புநீரை, முனை மழுங்கிய 10 மில்லி சிரிஞ்சில் எடுத்து, தினமும் இரண்டு மூன்று முறை குழாய்க்குள் மெதுவாகச் செலுத்த வேண்டும். வெளியே வரும் நீர் தெளியும்வரை விடாதீர்கள். தோட்டத்துச் சொட்டுநீர்க் குழாய் மாதிரிதான் இதுவும்: ராகிக்களித் துணுக்கு ஒன்று போதும், அடைத்துக்கொள்ளும், நாற்றமும் சீழும் பின்னாலேயே வரும். நீண்ட குழாய் கன்னத்தை உரசிப் புண்ணாக்கும், வெட்டிக் குறைக்கச் சொல்லுங்கள். தையல் விட்டுக் குழாய் விழுந்தால் ஓரிரு நாளிலேயே துளை மூடத் தொடங்கும். பென்னாகரம், அஞ்செட்டி போன்ற தொலைவான ஊர்களில் இருப்பவர்களும் அடுத்த தவணைக்குக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்கு பஸ் ஏறுவது நல்லது.

டியூப் வைத்தாலே புற்றுநோய் என்று பயப்படுகிறார்கள். இந்தக் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல, அதை உறுதிசெய்யத்தான் துளையிடும்போதே சிறு சதைத்துண்டு பரிசோதனைக்குப் போகிறது.