பூமிக்கு ரெண்டு நிலாவா?

கேள்வி: பூமிக்கு ரெண்டாவது நிலா வந்திருச்சு, 2083 வரைக்கும் நம்மளயே சுத்தப்போகுதுன்னு நாசா அறிவிச்சிருக்குன்னு மெசேஜ் வந்துச்சு சார். 60 வருஷமா இத மறைச்சு வச்சிருக்காங்களாம். அப்போ கடல் ஏத்தம், பஞ்சாங்கம், ஜாதகம் எல்லாத்துக்கும் இந்த நிலாவையும் கணக்குல சேக்கணுமில்ல? உங்க பத்திரிகை ஏன் ஒரு வரி கூட எழுதல? (வாசகர், தென்காசி)

பதில்: எழுதாம விட்டது எங்க தப்பு, அத ஒத்துக்கறேன். ஆனா உங்களுக்கு வந்த மெசேஜ்ல நிலாங்கற வார்த்தையே தப்பு. நாசா அப்படி எதையும் அறிவிக்கல. 2025 ஆகஸ்ட்ல ஹவாய்ல இருக்கற பான்-ஸ்டார்ஸ் தொலைநோக்கி ஒரு சின்ன விண்கல்ல பாத்துச்சு, பேரு 2025 பிஎன்7, அகலம் சுமாரா 20 மீட்டர் இருக்கலாம், அதோட பாதைய ஸ்பெயின் வானியலாளர்கள் கணக்கு போட்டு இது 1960கள்ல இருந்து நம்ம கூடவே வந்துட்டு இருக்கு, 2083 வாக்குல பிரிஞ்சு போயிடும்னு எழுதினாங்க. 60 வருஷம்ங்கறது அந்த கணக்குல வந்த நம்பர், யாரும் எதையும் பூட்டி வைக்கல. அவ்வளவு மங்கலான கல்லு, பெரிய தொலைநோக்கி இல்லாம பாக்கவே முடியாது. நம்ம நிலாவோட குறுக்களவு 3,475 கிலோமீட்டர், இதையும் அதையும் ஒரே பேர்ல கூப்பிடறது எனக்கு சுத்தமா புடிக்கல.

"கூட வருது"ன்னு சொன்னேன், "சுத்துது"ன்னு சொல்லல, இந்த எடத்துலதான் எல்லாரும் வழுக்கி விழறாங்க. திருவண்ணாமலை கிரிவலம் போயிருப்பீங்க. நீங்க நடு ரோட்டுல ஒரே வேகத்துல நடக்கறீங்க, கூட வர்ற உங்க தம்பி மலைப்பக்கமா ஒதுங்கி வேகமா முன்னாடி போறான், அப்புறம் ரோட்டோட வெளி ஓரத்துக்கு வந்து மெதுவா நடந்து உங்களுக்கு பின்னாடி போயிடறான், மறுபடி மலைப்பக்கம் வந்து முந்தறான். உங்க கண்ணுக்கு அவன் உங்களயே வளைய வர்ற மாதிரி தெரியும். ஆனா அவன் சுத்தறது மலையத்தான். பிஎன்7 அப்படித்தான், அதுக்கும் சூரியன ஒரு தரம் சுத்த ஒரு வருஷம் ஆகுது, அதோட பாதை நம்மளோடத விட கொஞ்சம் நீள்வட்டம், சூரியனுக்கு கிட்ட போறப்போ வேகமெடுத்து நம்மள முந்துது, தள்ளி வர்றப்போ மெதுவாகி பின்தங்குது. நாளைக்கே பூமிய எடுத்துட்டாலும் அது பாட்டுக்கு சூரியன சுத்திட்டுதான் இருக்கும்.

அப்போ நம்ம நிலா மட்டும் எப்படி நம்மளோடதுன்னு கேப்பீங்க, கேக்கணும், ஏன்னா சந்திரன பூமி இழுக்கறத விட சூரியன் ரெண்டு மடங்குக்கும் மேல இழுக்குது! முதல்ல படிச்சப்போ எனக்கு இது நம்பவே முடியல. இருந்தும் சந்திரன் ஓடிப்போகாம இருக்கறதுக்கு காரணம், சூரியன் பூமியையும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு இழுக்கறதுதான், ரெண்டும் ஒண்ணாவே அந்தப்பக்கம் வளைஞ்சு போகுது, ஒரே பஸ்ல போற ரெண்டு பேர் மாதிரி. பஸ்ஸோட இழுப்பு ரெண்டு பேருக்கும் பொது, அதுக்குள்ள யாரு யார் கைய புடிச்சிருக்காங்கங்கறதுதான் கேள்வி. பூமியோட கை எட்டற தூரம் சுமாரா 15 லட்சம் கிலோமீட்டர். நிலா 3,84,400 கிலோமீட்டர்ல இருக்கு, பத்திரமா உள்ள இருக்கு. பிஎன்7 அந்த எல்லைக்கு வெளிய.

நிஜமாவே சில சின்ன கல்லுங்க கொஞ்ச நாள் நம்ம கைக்குள்ள வந்து போயிருக்கு. 2006 ஆர்ஹெச்120னு சில மீட்டர் கல்லு ஒண்ணு, 2006ல மாட்டி 2007 வரைக்கும் பூமிய நிஜமா சுத்திட்டு போச்சு. 2024ல குட்டி நிலான்னு பரபரப்பா ஓடுன பிடி5 செப்டம்பர் கடைசில இருந்து நவம்பர் 25 வரைக்கும் இருந்துச்சு, ஒரு முழு சுத்து கூட சுத்தல. இப்படி நம்ம பாதைய ஒட்டியே வர்ற கல்லுங்களுக்கு மகாபாரத அர்ஜுனன் பேரதான் வச்சிருக்காங்க.

கடல் ஏத்தம் பத்தி கேட்டீங்க. கடல ஏத்தறது வெறும் இழுப்பு இல்ல, பூமியோட இந்தப்பக்கத்துக்கும் அந்தப்பக்கத்துக்கும் இழுப்புல இருக்கற வித்தியாசம், அது தூரம் கூடக்கூட ரொம்ப வேகமா கொறையும், அதனாலதான் அம்மாம்பெரிய சூரியனோட பங்கு சந்திரனோடதுல பாதிகூட இல்ல, 46 சதவீதம்தான். ரெண்டும் நம்மளோட ஒரே கோட்டுக்கு வர்ற அமாவாசை, பௌர்ணமிய ஒட்டி தண்ணி அதிகமா ஏறும், எந்த கடற்கரை ஊர்லயும் கேட்டுப்பாருங்க, சொல்லுவாங்க. 20 மீட்டர் கல்லுக்கு இதுல பங்கே கெடையாது. ஜாதகம் பத்தியும் ஒண்ணு சொல்றேன், உங்க வீட்டு வாசல்ல நிக்கற பஸ் உங்கள இழுக்கறது அந்த கல்லு இழுக்கறத விட பல லட்சம் கோடி மடங்கு அதிகம். ரெண்டாம் சந்திரனுக்கு பரிகாரம்னு யாராவது காசு கேட்டா தயவுசெஞ்சு குடுத்துடாதீங்க.

என் வருத்தம் என்னன்னா, இந்த புரளியில நிஜமான சேதிங்க அடிபட்டு போகுது. இதே மாதிரி கூட வர்ற கமோஓஅலேவான்னு ஒரு கல்லு 2016ல கண்டுபிடிச்சாங்க, அது மேல பட்டு வர்ற ஒளிய பாத்தா நிலாவோட பாறை மாதிரியே இருக்கு, எப்பவோ ஒரு மோதல்ல நிலாவுல இருந்து பிஞ்சு வந்த துண்டா இருக்கலாம்னு சொல்றாங்க, அத அள்ளிட்டு வர சீனா 2025 மே மாசம் தியான்வென்-2 விண்கலத்த அனுப்பிருக்கு. பயப்படணும்னா அதுக்கும் நிஜமான சேதி இருக்கு. 2013 பிப்ரவரி 15 ரஷ்யாவுல செல்யாபின்ஸ்க் நகரத்து மேல வந்து வெடிச்ச கல்லும் ஏறக்குறைய இதே 20 மீட்டர் சைஸ்தான், சூரியன் பக்கமிருந்து வந்ததால யாரும் முன்கூட்டி பாக்கல, சுமார் 1,500 பேருக்கு காயம், பெரும்பாலும் கண்ணாடி குத்தி. வெளிச்சத்த பாத்துட்டு என்னன்னு ஜன்னலுக்கு ஓடி வந்து நின்னாங்க, அதிர்வு ஒண்ணு ரெண்டு நிமிஷம் கழிச்சு வந்து கண்ணாடிய ஒடச்சுச்சு. வானத்துல அப்படி ஒரு வெளிச்சம் பாத்தா ஜன்னல விட்டு தள்ளி உக்காருங்க. அனுப்பறதுன்னா இத அனுப்புங்க நாலு பேருக்கு.

ரெண்டு நிலா பாக்க ஆசைன்னா அதுக்கும் ஆளு இருக்கு. 1866ல மெட்ராஸ்ல, நுங்கம்பாக்கம் ஆப்சர்வேட்டரியில இருந்து போக்சன்ங்கற வானியலாளர் கண்டுபிடிச்ச சில்வியாங்கற சிறுகோளுக்கு நிஜமாவே ரெண்டு நிலா, ஒண்ணு 2001லயும் இன்னொண்ணு 2004லயும் தெரிய வந்துச்சு, ரெண்டு நிலா இருக்குன்னு தெரிஞ்ச முதல் சிறுகோளே அதுதான். அதே ஆப்சர்வேட்டரியில போக்சனுக்கு உதவியாளரா இருந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. நீங்க கேட்ட பஞ்சாங்கத்த, பழைய கணக்கு வாக்கியங்கள அப்படியே ஒப்பிக்காம வானத்த பாத்து திருத்தணும்னு அந்த காலத்துலயே வாதாடினவர் அவர்.