அப்பாவின் பி.பி. நோட்டு

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. வீட்டில் மிஷின் வைத்து பி.பி. பார்த்து நோட்டில் எழுதுகிறார். 160, 158, 164 என்றுதான் இருக்கிறது. நான் பார்த்தால் 134 வருகிறது. நோட்டைப் பார்த்த டாக்டர் மாத்திரையைக் கூட்டலாம் என்கிறார். எதை நம்புவது, டாக்டர்?
- வாசகி, மன்னார்குடி

பதில்: அப்பா எப்போதெல்லாம் மிஷினை எடுக்கிறார் என்று முதலில் கவனியுங்கள். என்னிடம் வருகிறவர்களில் பலர் தலை சுற்றினாலோ, மகனோடு சண்டை போட்டாலோதான் பார்ப்பார்கள். நிம்மதியான நாளில் மிஷின் பீரோவுக்குள் கிடக்கும். அந்த நோட்டில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அது அவருடைய கெட்ட நேரங்களின் கணக்கு. அதை நம்பி மருந்தைக் கூட்டினால், மற்ற நாட்களில் பி.பி. அதிகமாக இறங்கி, ராத்திரி பாத்ரூம் போக எழுந்திருக்கும்போது விழுந்துவைப்பார். உங்கள் 134-ம் ஒற்றை அளவுதான், அதையும் உடனே நம்பிவிடாதீர்கள்.

நேர்மாறான ஆட்களும் உண்டு. டாக்டர் திட்டுவார் என்று 170 வந்தால் விட்டுவிட்டு, திரும்பத் திரும்பப் பார்த்து, 130 வந்ததும் எழுதுவார்கள். பக்கம் பக்கமாக 130/80 என்றே இருக்கும் நோட்டைப் பார்த்தால்தான் எனக்குப் பயம். யாருடைய ரத்த அழுத்தமும் அப்படி ஒரே இடத்தில் நிற்காது. நல்லவேளையாகப் பல மிஷின்களில் மெமரி பட்டன் இருக்கிறது. அழுத்தினால் பழைய அளவுகள் வரும், நோட்டோடு ஒப்பிடுங்கள். அப்பா கோபித்துக்கொண்டால் நான் பொறுப்பில்லை.

கையில் சுற்றும் பட்டையையும் பாருங்கள். பருத்த கைக்குச் சின்னப் பட்டை சுற்றினால் மேல் அளவு 10, 20 கூடத் தூக்கிக் காட்டும். பேசிக்கொண்டே பார்ப்பது, காபி குடித்ததும் பார்ப்பது, சிறுநீரை அடக்கிக்கொண்டு பார்ப்பது எல்லாமே ஏற்றித்தான் காட்டும். (ஆஸ்பத்திரிகளிலேயே மாடிப்படி ஏறி வந்தவரை மூச்சு வாங்கவிடாமல் உட்காரவைத்துப் பார்க்கிறோம், அது வேறு கதை.)

சரி, ஒரு வாரம் இப்படிச் செய்யுங்கள். காலையில் மாத்திரைக்கு முன்பும், இரவிலும், ஐந்து நிமிடம் சாய்ந்து சும்மா உட்காரட்டும். கையை மேஜைமேல் நெஞ்சு உயரத்தில் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை பாருங்கள். வந்ததை வந்தபடி நீங்களே எழுதுங்கள். முதல் நாளைத் தள்ளிவிட்டு மீதிக்குச் சராசரி எடுங்கள். அது 135/85-ஐத் தாண்டினால் உங்கள் டாக்டர் சொல்வதுபோல் கூட்ட வேண்டியிருக்கும். அதுவரை இப்போதைய மாத்திரையை நிறுத்தக் கூடாது. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கைகால் இழுப்பு என்றால் வாரக்கணக்கெல்லாம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது மிஷினையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அவருடைய கருவியோடு வைத்துச் சரிபார்த்துவிடலாம்.