வண்டியின் மேல் ஆசை, பொம்மையின் மேல் வெட்கம்

ஆண் குழந்தை வண்டியையும் பெண் குழந்தை பொம்மையையும் நாடுவது பிறவிக் குணமா, வளர்ப்பின் விளைவா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்றை விரும்புவது வேறு, மற்றொன்றை ஒதுக்குவது வேறு. விருப்பத்தில் உடலுக்கும் பங்குண்டு என்றும், ஒதுக்கத்தைப் பெரும்பாலும் நாமே ஊட்டுகிறோம் என்றும் நான் கருதுகிறேன்.

உடலின் பங்குக்கு நான் வலுவாகக் கொள்ளும் சான்று, அட்ரீனல் சுரப்பியில் பிறவிக் கோளாறு இருப்பதால் ஆண்களிடம் அதிகம் சுரக்கும் ஆண்ட்ரோஜன் ஹார்மோனைக் கருவிலேயே மிகுதியாகப் பெற்ற சிறுமிகளைப் பற்றியது. 1992-இல் ஷெரி பெரன்பாமும் மெலிசா ஹைன்ஸும் வெளியிட்ட ஆய்வில், இச்சிறுமிகள் கோளாறு இல்லாத உறவுச் சிறுமிகளைவிட அதிக நேரம் ஆண்பிள்ளைகளுக்கு உரியவையாகக் கருதப்படும் சாமான்களோடு விளையாடினர். பெற்றோர் அப்படிப் பழக்கியிருக்கலாமே என்ற ஐயம் எழுவது இயல்பு. ஆனால் 2005-இல் வந்த ஓர் ஆய்வில், அப்பெற்றோர் இந்த மகள்கள் பெண்பிள்ளைச் சாமான்களை எடுத்தபோதுதான் கூடுதலாகப் பாராட்டியது தெரியவந்தது. அந்தப் பாராட்டுக்குச் சிறுமிகள் மசியவில்லை.

பலரும் மேற்கோள் காட்டும் 2002-ஆம் ஆண்டின் வெர்வெட் குரங்கு ஆய்வு எனக்கு அவ்வளவு நிறைவளிக்கவில்லை. ஆண் குரங்குகள் காரையும் பந்தையும், பெண் குரங்குகள் பொம்மையையும் சமையல் பாத்திரத்தையும் அதிகம் நாடின என்பது உண்மைதான். ஆனால் அடுப்பையே அறியாத குரங்குக்கு அந்தப் பாத்திரம் எப்படிப் பெண்களின் பொருளாகும்?

சமூகத்தின் கை மிக விரைவாகவே நீளத் தொடங்கிவிடுகிறது. 1978-இல் வெளியான ஆய்வொன்றில், ஆறு மாதக் குழந்தைக்கு ஆண் உடையோ பெண் உடையோ மாற்றி உடுத்திக் கொடுத்தபோது, அக்குழந்தையை முன்பின் அறியாத தாய்மார்கள் உடையைப் பார்த்தே விளையாட்டுச் சாமானைத் தேர்ந்து நீட்டினர். குழந்தைகளின் பார்வையை அளந்த 2010-ஆம் ஆண்டின் ஆய்வோ இன்னும் நுட்பமானது. பெண் குழந்தைகள் பொம்மையையும் ஆண் குழந்தைகள் காரையும் ஒப்பீட்டளவில் அதிகம் பார்த்தனர். ஆயினும் 12 மாத வயதில் ஆண் குழந்தைகளும் காரைவிடப் பொம்மையையே விரும்பிப் பார்த்தனர். எந்த நிறத்தை, எந்த வடிவத்தை விரும்பிப் பார்த்தனர் என்பதில் இருபாலாருக்கும் வேறுபாடு தென்படவில்லை.

என் மகனும் ஒன்றரை வயதில் ஒரு துணிப் பொம்மையைத் தலைமுடியைப் பிடித்து வீடெங்கும் இழுத்துக்கொண்டு திரிந்தான். மற்றொரு கையில் எப்போதும் ஒரு லாரி இருக்கும். மூன்று வயதானபோது, வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர், "நீ என்ன பொம்பளப் புள்ளையா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அடுத்த முறை வாசலில் ஆள் வரும் சத்தம் கேட்டதும், அவன் அந்தப் பொம்மையைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, லாரியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.